ஒத்திகைக் குழந்தைகள்

குழந்தைகளுக்கு ஒத்திகை வைத்த கம்பெனியைப் பற்றி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். தவறவிட்டவர்கள் இந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம்.

தையல்காரிக்கும் பாய்லர்காரனுக்கும் கல்யாணமாகி, 'ஏதாவது விசேஷம் உண்டா' என்று கேட்டுக் கேட்டு ஊர் வாய் ஓய்ந்த பிறகு பிறந்தது குட்டி. அவளுக்குப் பகலில் தையல். அதே கம்பெனியில் அவனுக்கு இரவில் பாய்லர். காலையில் அவன் வெளியே வருவான், அவள் உள்ளே போவாள். கேட் வாசலில் குட்டி ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறும். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துக்கொள்வது அந்த மாறுகிற நேரத்தில்தான். பகலெல்லாம் குட்டியை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பான். அதற்குத் தூக்கம் என்று பெயர்.

பிறகு கம்பெனிக்கு மனிதாபிமானம் வந்தது.

சரக்கு வாங்குகிறவர்கள் கேட்டதால் வந்த மனிதாபிமானம் அது. தொழிலாளிகளை எப்படி நடத்துகிறோம், சமூகத்துக்கு என்ன செய்கிறோம் என்று வழவழப்பான தாளில் ஓர் அறிக்கை போட வேண்டுமாம். 'எங்கள் ஊழியர் எவரும் தொடர்ந்து இரவுப் பணி செய்வதில்லை' என்று அதில் ஒரு வரி. வரி பொய்யாகக் கூடாதே என்று பாய்லர்காரனைப் பகலுக்கு மாற்றிவிட்டு, இரவு பாய்லருக்கு வெளியாள் ஒருவனைப் பிடித்துப் போட்டார்கள். அவன் காண்டிராக்ட் ஆள். ஊழியர் கணக்கில் வரமாட்டான். அவன் தூங்கினால் என்ன, தூங்காவிட்டால் என்ன?

இப்போது பகலில் குட்டியை யார் பார்ப்பது?

அதற்கும் ஒரு வரி இருந்தது. 'பணிபுரியும் தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஊழியருடன் கூடிய காப்பகம்.' எழுதியவன் வேறு யாருமில்லை, தையல்காரியின் கூடப்பிறந்த தம்பி. அக்கா வீட்டில் தங்கி, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போகிறவன். தையல் லைனில் அவனுக்கு 'அறிக்கை' என்றே பேர். காப்பகத்தை முதலில் எழுதினான். அறையைப் பிறகுதான் தேடினார்கள். கழிவுத்துணி மூட்டைகள் கிடந்த அறையைக் காலி செய்து, சுவரில் வாத்து வரைந்து, வாடகைக்குப் பொம்மை எடுத்து, தாய்மார்களிடம் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

முதல் நாள் பிள்ளைகள் அலறிய அலறலில் தையல் மெஷின் சத்தமே கேட்கவில்லை. சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்பி ஆய்வுக்கு வருகிற அம்மாளின் முன்னால் இப்படி அலறினால் மானம் போகுமே! மனிதவள மேலாளருக்கு ஒரு யோசனை பிறந்தது. எந்நேரமும் பல் தெரிய நிற்பதால் அவருக்குச் சிரிப்பு சார் என்று பேர். தினமும் கொண்டு வரட்டும், பழகட்டும், ஆய்வு நாளில் சிரிக்கட்டும் என்றார். ஒத்திகை.

அங்கேதான் பிசகினார்கள். பிள்ளைகள் பழகிவிட்டன. தாய்மார்களும் பழகிவிட்டார்கள். 'பயிற்சி பெற்ற ஊழியர்' வேண்டும் என்று இஸ்திரிப் பிரிவிலிருந்து இழுத்து வந்து உட்கார வைத்த இஸ்திரியம்மாவின் மடிக்காகக் குட்டிகள் அடித்துக்கொண்டன. தையல்காரி வருஷக்கணக்கில் இல்லாத நிம்மதியோடு தைத்தாள். ஒரு பொய்யை வாரம் முழுக்க ஒழுங்காக நடத்தினால் அது நிஜமாகித் தொலைக்கும் என்பது அந்த மாடியில் ஒரு மண்டைக்கும் எட்டவில்லை.

நேற்று காப்பகத்தின் ஆய்வு முடிந்தது; மாடியில் கோப்புப் பார்ப்பதுதான் பாக்கி. ஆய்வம்மாள் வாத்தைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார், கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

இன்று காலை தம்பி டீ குடிக்காமலே வாசலுக்குப் போய்விட்டான்.

"என்ன மாப்ளே, வெச்ச டீ வெச்சபடி இருக்கு? அறிக்கையில தீப்பிடிச்சிருச்சா?" என்றான் பாய்லர்காரன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"இல்ல மாமா. முடிச்சுக் கொடுக்கச் சொல்றாங்க. சீக்கிரம் போகணும்."

"நேத்து அந்தம்மா அழுததையும் எழுதிடு. முதல்ல எந்தக் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு மறக்காம போடு."

தம்பி சிரிக்கவில்லை. தாய்மாமனைப் பார்த்ததும் குட்டி இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அவன் சட்டை மடிப்பைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கினான்.

"டேய், இன்னைக்கும் இஸ்திரியம்மாதானே பிள்ளைங்களைப் பாக்கும்? இல்ல வேற ஆளைப் போடுறாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அக்கா.

"கீழ நடக்கிறது எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"கீழ நடக்கிறதைத்தானேடா எழுதுறே?"

செருப்புச் சத்தம்தான் வந்தது.

அவனுக்குத் தெரியும். நேற்று சாயங்காலமே தெரியும். அறையை மூடச் சொல்லி மாடியில் பேசியபோது அவனும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து, அக்கா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, குட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியும்விட்டான். சொல்ல வாய் வரவில்லை. இப்படிப்பட்ட வாய்க்குத்தான் மாடியில் மேசை போட்டுக் கொடுக்கிறார்கள்.

குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தையல்காரி அந்த அறைக்குப் போனபோது ஸ்டோர்காரர் ஒரு மூட்டையை உள்ளே உருட்டிக்கொண்டிருந்தார். ஆள் உயரத்துக்குக் கட்டிய கழிவுத்துணி மூட்டை. முன்னமே உள்ளே போன மூட்டைகள் வாத்தின் கழுத்து வரைக்கும் மறைத்திருந்தன. பட்டன்காரி இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று இரட்டைப் பிள்ளைகளோடு வாயைப் பிளந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், ஆளுக்கொரு பிள்ளையோடு.

"வழி விடுங்கம்மா. கூத்து முடிஞ்சா திரையை இறக்கணும்ல?" என்றார் ஸ்டோர்காரர்.

"பிள்ளைங்களை எங்கண்ணே விடுறது?"

"எங்கிட்ட கேட்டா? ஒரு வாரமா என் மூட்டைங்க வெளியில கிடந்து நனைஞ்சுது. அதுங்களுக்கு யாரும்மா காப்பகம் கட்டுனா?"

"பொம்மை எங்க?"

"கடைக்காரன் காலையிலேயே வந்து அள்ளிட்டுப் போயிட்டான். ஒரு கரடியோட காதை யாரோ கடிச்சிருக்குன்னு சண்டை வேற."

"இஸ்திரியம்மா?"

"இஸ்திரி போடப் போயாச்சு. பயிற்சி பெற்ற ஊழியரை எத்தனை நாளைக்கும்மா சும்மா உட்கார வைக்கிறது?"

பட்டன்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது அழுகை மாதிரி இருந்தது.

பெல் அடித்தது. லைன் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தான். மீசை முளைத்ததையே பதவி உயர்வாக நினைத்துக்கொள்கிற வயது அவனுக்கு.

"என்ன இங்க கூட்டம்? பிள்ளையை வெச்சுக்கிட்டு மெஷின்ல உட்கார முடியாது. வீட்டுல விட்டுட்டு வாங்க. முடியாதவங்க இன்னைக்கோட நின்னுக்கலாம். தைக்கத் தெரிஞ்சவங்க கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்க."

"வீட்டுல யாரு இருக்கா? இவங்கப்பாவைப் பகலுக்கு மாத்துனது நீங்கதானே?" என்றாள் தையல்காரி.

"அதெல்லாம் மேல போய்க் கேளு."

மேலே போய் என்ன கேட்பது? கேட்டால் சிரிப்பு சார் சிரிப்பார். நாளைக்கு அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் வேலை போனால் பாய்லர்காரன் ஒருவன் சம்பளத்தில் வீட்டு வாடகையே முக்கித் திணறும். இதையெல்லாம் தையல்காரி உட்கார்ந்து யோசிக்கவில்லை. நின்ற நிலையிலேயே கணக்கு ஓடி முடிந்தது.

குட்டியைத் தரையில் இறக்கிவிட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஸ்டோர்காரர் உள்ளே தள்ளிக்கொண்டிருந்த மூட்டையில் தோளைக் கொடுத்து, வந்த வழியே வெளியே தள்ளினாள்.

"ஏம்மா! ஏய்! என்ன பண்றே?"

"உருட்டுறேன். நேத்துவரைக்கும் இது பிள்ளைங்க ரூம். அந்தம்மா கண்ணால பாத்துட்டுப் போயிருக்கு. இன்னைக்கும் அதேதான்."

"அதெல்லாம் சும்மா காட்டுறதுக்கும்மா!"

"எனக்கும் சேத்துத்தானே காட்டுனீங்க? நான் பாத்துட்டேன்ல?"

பட்டன்காரி இரண்டையும் கீழே இறக்கினாள். மற்றவர்களும் இறக்கினார்கள். தோள்கள் சேர்ந்தன. நாளெல்லாம் துணிக் கட்டுகளைச் சுமக்கிற பெண்களுக்கு மூட்டை ஒரு பொருட்டா? ஒவ்வொன்றாக வராந்தாவுக்கு வந்து விழுந்தது. ஸ்டோர்காரர் முதலில் கத்தினார், அப்புறம் கெஞ்சினார், கடைசியில் தானும் ஒரு பக்கம் பிடித்தார். "மெதுவா, மெதுவா! கயிறு அறுந்தா மறுபடி கட்டுறது நான்தான்!"

வாத்துக்கு மறுபடியும் கால் முளைத்தது.

மாடியில் அந்த நேரம் அறிக்கைக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கறைன்னு அடிக்கடி வருதே. ஒரு இடத்துல அரவணைப்புன்னு மாத்து" என்றார் சிரிப்பு சார்.

தம்பி மாற்றினான்.

"கையை இழந்த அந்த வெட்டுப் பிரிவு ஆள்?"

"'மறுவாழ்வு பெற்றார்'னு போட்டிருக்கேன் சார்."

"என்ன பண்றான் இப்ப?"

"தெரியல சார். ஊருக்குப் போயிட்டாராம்."

"சரி. ஊருக்குப் போறதும் ஒரு வாழ்வுதானே? இருக்கட்டும்."

இப்படித்தான் அங்கே வேலை நடக்கும். கீழே ஒருவனுக்குக் கை போகும். மேலே அவனுக்கு ஒரு நல்ல சொல் கிடைக்கும். தம்பி அதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தான். எந்தப் புண்ணுக்கும் அவனிடம் ஒரு சொல் இருக்கும், துணி மாதிரி மேலே போட்டு மூட.

போன் வந்தது. சிரிப்பு சார் காதில் வைத்துக் கேட்டார். பல் தெரிந்தபடியே இருந்தது, முகம் மட்டும் இறங்கியது.

"கீழ மூட்டையை எல்லாம் வெளிய உருட்டிட்டாங்களாம். முன்னாடி நிக்கிறது உங்க அக்காவாமே?"

தம்பி பேனாவைக் கீழே வைத்தான்.

"ஆய்வம்மா பக்கத்து ரூம்ல கோப்பு பாத்துட்டு இருக்காங்க. மத்தியானம்தான் கிளம்புறாங்க. அதுவரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது. குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கோ. இல்லேன்னா உங்க அக்காவை வெளிய அனுப்புற உத்தரவை நீயே எழுத வேண்டியிருக்கும். நல்லாத்தான் எழுதுவே, எனக்குத் தெரியும்."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தம்பி படியிறங்கினான். கீழே வந்ததும் பஞ்சுத் தூசி அவன் கருப்புச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. தட்டிவிட்டான். மறுபடி ஒட்டியது.

அறை வாசலில் அக்கா நின்றாள்.

"அக்கா, தயவுசெஞ்சு பிள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ. இன்னைக்கு ஒரு நாள். நான் மேல பேசி ஏதாவது பண்றேன்."

"பண்ணுவியா? நேத்து ராத்திரி என் கையால தின்னியே, அப்ப இந்த ரூமை மூடுறாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் பட்டன்காரியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும்" என்றான்.

"அப்புறம் எதுக்குடா என் பிள்ளைக்கு வாத்தைக் காட்டுனே? குவாக் குவாக்னு அதுக்கு நீதானே சொல்லிக்குடுத்தே? காலையில எழுந்ததும் அதைத்தான் சொல்லுது."

"அக்கா, அது அறிக்கைக்குப் படம் எடுக்க..."

"படத்துக்கு என் பிள்ளை. அறிக்கைக்கு என் பிள்ளை. வேலைக்கு மட்டும் அது இடைஞ்சலா? நீ எழுதினதைப் படி, கேக்குறேன். சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்."

"சொன்னாக் கேளு. உன்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்க."

"யாரு எடுப்பா?"

அவன் கை கழுத்து அட்டைக்குப் போனது.

"ஓ! அதையும் உன்னைத்தான் எழுதச் சொன்னானா?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நல்லா எழுதுடா. பேரு தப்பில்லாம எழுது."

இரண்டாவது பெல் அடித்தது. அதற்குப் பிறகு போகிறவர்களுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தையல்காரி குட்டியைத் தூக்கித் தம்பியின் கையில் வைத்தாள். அட்டை தொங்குகிற நெஞ்சில் சாய்த்து, அவன் கையை எடுத்துக் குட்டியின் முதுகுக்குக் கொடுத்தாள்.

"காப்பகம் இருக்குன்னு எழுதுனே. ரூம் இருக்கு. பிள்ளைங்க இருக்கு. ஆளு மட்டும்தான் இல்ல. நீ இரு."

"அக்கா! எனக்கு மேல வேலை..."

"எனக்குக் கீழ வேலை."

போய்விட்டாள். பட்டன்காரி தன் இரட்டையரை அவன் கால்மாட்டில் உட்கார வைத்தாள். "மூத்தது கடிக்கும் தம்பி. இளையது அதைப் பாத்துட்டுக் கடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவளும் ஓடினாள். மற்றவர்களும் விட்டுவிட்டு ஓடினார்கள். மெஷின்கள் இரையத் தொடங்கின.

அறையின் நடுவில் அறிக்கை தனியாக நின்றது.

பிள்ளைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன், ஒரு பிள்ளையையும் தூக்கியதில்லை. குட்டி அவன் கழுத்து அட்டையைச் சப்பியது. இரட்டையரில் மூத்தது வாக்குத் தவறாமல் கடித்தது. ஒன்று அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று. அவன் "அழக் கூடாது, அழக் கூடாது" என்றான், ஏதோ சுற்றறிக்கை வாசிப்பது போல. அவை மதிக்கவில்லை. கடைசியில் கருப்புச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் நாலு பக்கமிருந்தும் ஏறின.

டீ இடைவேளையில் கரிக் கையோடு ஓடி வந்த பாய்லர்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான். மனைவி பிள்ளையோடு அல்லாடுவாள் என்று பதறி வந்தவன் அவன்.

"என்ன மாப்ளே, பதவி உயர்வா?"

"மாமா, விளையாடாதீங்க. இது ஈரமா இருக்கு."

"பின்ன? பாய்லர் மாதிரிதான். அழுத்தம் ஏறுறதுக்கு முன்னாடியே திறந்து விடணும். வெடிச்ச பிறகு வந்து என்னைக் கேட்டா?" என்றவன் கரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குட்டியின் நெற்றியில் மூக்கால் முட்டினான். "இந்தத் துணியை எடுத்து மடிச்சுக் கட்டு. அப்படியில்ல. இப்படி. என் கை அழுக்கு, உன் கைதான் சுத்தம்."

அவன் சொல்லச் சொல்லத் தம்பி கட்டினான். கோணலாக, ஆனால் நின்றது.

பாய்லர்காரன் போன சற்று நேரத்தில் வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தமும். சிரிப்பு சார் ஆய்வம்மாளை வேறு பக்கம் திருப்பப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. ஆய்வம்மாளுக்குப் போகும் முன் 'அந்தக் குழந்தைகளை' இன்னொரு முறை பார்க்க ஆசையாம்.

அவர் முதலில் மூட்டைகளைப் பார்த்தார். "இவை என்ன?"

ஸ்டோர்காரர் வாயைத் திறந்தார். சிரிப்பு சார் முந்திக்கொண்டார். "மென்மையான விளையாட்டுத் தடுப்புகள், மேடம். பிள்ளைகள் விழுந்தாலும் அடிபடாது."

"அழகான யோசனை!" என்றார் ஆய்வம்மாள். தன் ஆயுளில் அந்த மூட்டைகளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று ஸ்டோர்காரர் நினைத்ததில்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

பிறகு அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். தரையில் ஓர் ஆண். கழுத்தில் அலுவலக அட்டை. தோளில் ஒன்று, மடியில் ஒன்று, முழங்காலைக் கட்டிக்கொண்டு இரண்டு.

"ஆண்களும் பார்த்துக்கொள்கிறார்களா?" அவர் குரலே மாறிவிட்டது.

"எங்க கொள்கையே அதுதான் மேடம்" என்றார் சிரிப்பு சார். எந்தக் கொள்கை, எப்போது பிறந்தது என்று அவருக்கே அப்போதுதான் தெரியும். "அலுவலக ஊழியர்களும் முறை வைத்து வந்து பார்ப்பார்கள்."

படம் எடுத்தார்கள். இன்னொன்று. அறிக்கையின் முன் அட்டைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது என்றார் ஆய்வம்மாள். கைக்குட்டை மறுபடியும் வெளியே வந்தது. அந்த அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இவற்றைப் பெற்றவர்கள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த அறை நாளைக்கும் இருக்குமா என்று அவர்களில் ஒருத்தியிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. உலகத்திலுள்ள கேள்வியெல்லாம் அவர் கையில் அச்சடித்து இருந்தது. அந்தக் கேள்வி மட்டும் அதில் இல்லை. எழுதியிருந்த கேள்விகளுக்கு எதிரே டிக் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் வேலை விட்டு மூவரும் ஒன்றாக நடந்தார்கள். பகல் வேலையால் வந்த ஒரே லாபம் அது. குட்டி தம்பியின் தோளை விட்டு இறங்க மறுத்தது. அவன் சட்டையின் கருப்பு நிறம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

தையல்காரி அவனோடு பேசவில்லை. பாய்லர்காரன்தான் கேட்டான்.

"என்ன மாப்ளே சொன்னான் சிரிப்பு?"

"அட்டைப் படத்துல வந்துட்டதால ரூமை உடனே மூட முடியாதாம் மாமா. யாராவது திடீர்னு பாக்க வந்தாலும் வருவாங்களாம். அறிக்கை அச்சாகி, சரக்கு வாங்குறவங்க கைக்குப் போற வரைக்கும் திறந்து இருக்கட்டும்னாரு. இஸ்திரியம்மாவை நாளைக்குத் திரும்ப அனுப்புறாங்க."

"அச்சானதும்?"

"மூட்டை உள்ள போயிடும்."

"அக்கா வேலை?"

"அதுவும்... அச்சானதும் பாத்துக்கலாம்னாரு."

சாலையோரம் நின்று வண்டிகள் போக வழி விட்டார்கள். தையல்காரி முதல் முறையாகத் திரும்பினாள்.

"எப்ப அச்சுக்குப் போவுது?"

"எழுதி முடிச்சதும். நாளைக்குக் காலையில முடிச்சுடுவேன். ரெண்டே பக்கம்தான் பாக்கி."

"அப்ப முடிக்காத."

அவன் நின்றுவிட்டான். "என்னக்கா சொல்றே?"

"முடிக்காதங்கிறேன். நீ எழுதுற வரைக்கும் ரூம் இருக்குமில்ல? எழுதிக்கிட்டே இரு. அரவணைப்பை அடிச்சிட்டு அக்கறைன்னு எழுது. அக்கறையை அடிச்சிட்டு அரவணைப்புன்னு எழுது. நீ எழுதி யாருக்கும் ஒரு மண்ணும் ஆனதில்ல. எழுதாம இருந்தாத்தான் நாலு பிள்ளைக்கு இடம் கிடைக்கும்."

"மெதுவா வேலை செஞ்சா என்னை வெச்சிருக்க மாட்டாங்கக்கா."

"அட!" என்றாள் தையல்காரி. "மெதுவா வேலை செஞ்சா தூக்கிடுவாங்கன்னு இன்னைக்குத்தான் உனக்குத் தெரிஞ்சுதா? அதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கே?"

பாய்லர்காரன் இருமிச் சிரிப்பை மறைத்தான். தம்பி குட்டியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். அவன் முகத்தில் சொல் எதுவும் கிடைக்காதவனின் முழி.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. சிரிப்பு சார். குட்டி பிடுங்கப் பார்த்தது. அதற்கு எட்டாமல் காதில் வைத்தான்.

"சொல்லுங்க சார்... இல்ல சார், நாளைக்கு முடியாது." அக்காவைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். "குழந்தைகள் பகுதியைத் திரும்ப எழுதணும் சார். முதல்லேர்ந்து. நான் எழுதினது... சரியா வரல சார். நாளாகும்."

மறுபக்கம் ஏதோ நீளமாகப் பேசியது. அவன் "ம்" கொட்டினான். ஒரு "ம்"முக்கும் அடுத்ததற்கும் நடுவே முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. போனைப் பையில் போட்டான்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"ரொம்ப சந்தோஷம், நிதானமா எழுதுன்னாரு. எனக்கு ஒத்தாசைக்கு நாளைக்கு ஒரு பொண்ணு வருதாம். எந்த அறிக்கையா இருந்தாலும் ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துடுமாம். அவ மேசையைப் போட என் மேசையை நகர்த்தியாச்சாம்."

கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் தைக்கத் தெரிந்தவர்கள் மட்டுமல்ல என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பாய்லர்காரன் அவன் முதுகில் கை வைத்தான். கரி பதிந்தது.

தையல்காரி தம்பியின் தோளிலிருந்து குட்டியை வாங்கிக்கொண்டாள். ரோட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பொண்ணுக்குக் குழந்தை இருக்கா?"